மவுத்பீஸ் இல்லாமல் வந்த ட்ரம்பெட்

மச்சான் குவைத்திலிருந்து இரண்டு மாத லீவில் வந்தபோது, வாடகை வானிலிருந்து இறங்கியதும் தன் பெட்டிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவற்றை ட்ரைவரும் நானும்தான் இறக்கினோம். ஒரு கறுப்புப் பெட்டியை மட்டும் கொழும்பிலிருந்து கல்முனைக்குடி வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

“இது உனக்கு, மச்சான்.”

அவர் என் அக்காவின், எங்கள் பேச்சில் ராத்தாவின், புருஷன். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அது ராத்தாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. உம்மாவும் கல்யாணம் முடிக்காத நானும் அதில் ஒரு பக்கம் இருந்தோம். ஏழு வருடம் அந்த வீட்டு மாப்பிள்ளையாக இருந்தும், இன்னொரு கோப்பைத் தேத்தண்ணீர் வேண்டும் என்று அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. அப்படி ஒரு கூச்சம். குவைத்தில் ஓர் அறையில் எட்டுப் பேரோடு இருந்து பழகியவர். தன் கோப்பை, தன் துவாய், சட்டைப் பையில் பல் துலக்கும் தன் மிஸ்வாக் குச்சி என்று அவருடைய சாமான்கள் எப்போதும் தனியாக இருக்கும். மற்றவர்களுடையதை அவர் தொடவும் மாட்டார்.

பெட்டியைத் திறந்தேன். சிவப்பு வெல்வெற்றில் ஒரு ட்ரம்பெட் படுத்திருந்தது.

நான் அதுவரைக்கும் ட்ரம்பெட்டைத் தொட்டவனல்ல. பள்ளிக்கூடத்தில் கெடெற் குழுவில் பியூகிள் ஊதியவன். பியூகிளில் வால்வு கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் எடுக்கும் ஐந்து சுரத்தோடு சரி. கொடி ஏற்றவும் இறக்கவும் அது போதும். ஒரு பாட்டின் முதல் வரியைக்கூட முழுதாக ஊத முடியாது. பாதியில் வேண்டிய சுரம் இல்லாமல் போய்விடும், மாடிப்படியில் நடுப்படி இல்லாத மாதிரி. பள்ளிக்கூடம் விட்டு நீர்ப்பாசனக் கந்தோரில் படவரைஞராகச் சேர்ந்த பிறகும் எனக்கு அந்த ஏக்கம் போகவில்லை. எப்போதோ ஒரு நாள் சோறு தின்னும்போது மச்சானிடம் இதைச் சொல்லியிருந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கேட்டாரா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. அதை அவர் கடல் தாண்டி மனதில் வைத்திருந்திருக்கிறார்.

அதைக் கையில் எடுக்கவே கொஞ்ச நேரம் ஆனது. மூன்று வால்வுகள், ஒவ்வொன்றின் தலையிலும் சிப்பிப் பொத்தான். அமுக்கினால் கீழே போய், விட்டால் தானாக மேலே வந்தது. அதைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தேன். குழாய் போய் வளைந்து, திரும்பி வந்து, வால்வுக்குள் புகுந்து, வெளியே வந்து, மறுபடி வளைந்து கடைசியில் வாய் விரிந்தது. பிறகு ஒரு நாள் நூல் பிடித்து அளந்து பார்த்தேன். நாலரை அடி. நாலரை அடிக் குழாயை ஒரு கைக்குள் அடக்கியவன் எப்பேர்ப்பட்ட படவரைஞனாக இருப்பான்! நான் அவனுக்கு முன்னால் வெறும் வாய்க்கால் படம் கீறுகிறவன்தான்.

“ஊது மச்சான்” என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். வாயில் வைத்து ஊதும் துண்டு, கிண்ணம் மாதிரி இருக்கும் மவுத்பீஸ், பெட்டியில் இல்லை. அதற்கென்று வெல்வெற்றில் குழி மட்டும் இருந்தது. வெல்வெற்றைத் தூக்கிப் பார்த்தேன். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். குவைத்து மண் கொஞ்சம் விழுந்தது.

“மவுத்பீஸ் எங்க மச்சான்?”

அவர் முகம் மாறியது. “அது... அது இல்லாம ஊத ஏலாதா?”

“ஏலாது மச்சான். அதுலதான் சத்தமே பொறக்கிற.”

“உன்டட்ட ஒண்டு இரிக்கும் எண்டு நினைச்சன்.”

“அது பியூகிளுக்கு. அதுவும் பள்ளிக்கூடத்துச் சாமான்.”

ராத்தா ஏற்கெனவே கோபத்தில் இருந்தாள். இந்தமுறை அவளுக்கு இரண்டு கம்பளிப் போர்வை வருவதாக இருந்தது. நிறை கூடிவிட்டது என்று ஒன்றுதான் வந்திருந்தது. இடத்தைப் பிடித்தது இந்தக் கறுப்புப் பெட்டிதான் என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

“எங்க வாங்கின?” என்று கேட்டாள்.

“வெள்ளிக்கிழமைச் சந்தையில. ஒரு பிலிப்பைன்காரன். ஊதிக் காட்டித்தான் தந்தான். நல்ல சத்தம்.”

“ஊதிக் காட்டினவன் எதால ஊதினான், மூக்காலயா? சாமானக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு வெறும் குழலத் தந்து ஏமாத்திரிக்கான் கள்ளன். நீங்களும் பாத்துக்கிட்டு நிண்டிரிக்கீங்க!”

மச்சான் எழுந்தார். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். மருமகன் முன்னால் வராத உம்மா, திரைக்குப் பின்னாலிருந்து, “தூரத்துல இருந்து களச்சி வந்த மனிசன். தேத்தண்ணி குடிக்க முந்தியா புள்ள இதெல்லாம்?” என்று ராத்தாவைக் கடிந்தார்.

கிணற்றடியில் மச்சானுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாளி இறங்கும்போதும் ஏறும்போதும் ஒரு மெட்டைச் சீட்டியடிப்பார். எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியாது, கேட்டால் அவருக்கும் தெரியாதாம். அந்த மனிதர் வீட்டில் போடும் சத்தம் அது ஒன்றுதான். அன்றைக்கு அதுவும் கேட்கவில்லை.

அந்த இரண்டு மாதமும் நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது. கொழும்புக்குப் போகிறவர்களிடமெல்லாம் மவுத்பீஸ் வாங்கிவரச் சொன்னேன். ஒருவர் பிளாஸ்ரிக் புல்லாங்குழல் ஒன்றைக் கொண்டுவந்து, “இதுவும் ஊதுறதானே” என்றார். பள்ளிக்கூடத்தில் கேட்டு ஒரு பழைய பியூகிள் மவுத்பீஸை இரவல் எடுத்து வந்தேன். அதன் கால், குழாய்க்குள் நுழையும் பாகம், பருமன். ட்ரம்பெட்டின் குழாய்க்குள் போகாது. வாசலில் வைத்து, சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றி இறுக்கினேன். ஊதினால் டியூப்பின் இடுக்கால் காற்றுப் பீச்சும். மிச்சக் காற்று உள்ளே போய், கன்று ஈனும் மாட்டின் குரலில் வெளியே வரும்.

பக்கத்து வளவில் இருந்த மூத்தம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “மனே, கியாமத்து நாளைக்குச் சூர் ஊத அல்லாஹ் மலக்கு ஒருத்தர வெச்சிரிக்கான். நீ என்னத்துக்கு அவசரப்படுறாய்?”

உலகம் முடியும் நாளில் வானவர் ஊதப்போகும் எக்காளத்தைச் சொன்னார். தெருவே சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை. நான் ஊதும்போதெல்லாம் கொஞ்சம் தள்ளி நின்று, குற்றம் செய்தவர்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வால்வுகள் இறுகியபோது, இரும்புக்கும் தலைக்கும் எங்கள் வீட்டில் ஒரே மருந்து என்பதால், தேங்காயெண்ணெய் விட்டேன். முதல் நாள் வழுவழுவென்று ஓடியது. மூன்றாம் நாள் பாகு காய்ச்சி ஊற்றியதுபோல ஒட்டிக்கொண்டது. மச்சான்தான் ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரும் சவர்க்காரமும் எடுத்துவந்து, பக்கத்தில் குந்தி, வால்வு ஒவ்வொன்றையும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவித் தந்தார். வால்வின் உடம்பில் ஓட்டைகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில், ஒவ்வொரு திசையில். விரலால் அமுக்கும்போது ஒரு வழி அடைபட்டு இன்னொரு வழி திறக்கிறது. அந்த வினாடியில் காற்று ஒரு சுற்றுக் கூடப் போகிறது. குளக்கட்டில் கதவு மாற்றி வயல்வயலாகத் தண்ணீர் விடுவதைப் படத்தில் கீறுகிறவன் நான்; ஒரு கண்ணிமைப்பில் அதைச் செய்யும் யந்திரத்தை அன்றைக்குத்தான் கண்டேன். இருவரும் அந்த ஓட்டைகளுக்குள்ளால் ஆளை ஆள் பார்த்துக்கொண்டிருந்தோம். ராத்தா முணுமுணுத்துக்கொண்டே தையல் மெஷின் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அதுதான் சரியான எண்ணெய். அன்றிலிருந்து வால்வுகள் ஒரு குறையும் சொல்லவில்லை.

ஆனால் மாட்டுக் குரலைத் தவிர வேறு சத்தம் வரவில்லை. லீவு முடிந்தது. வாடகை வானில் ஏறப் போகும்போது மச்சான் என் கையைப் பிடித்தார்.

“சத்தம் வந்தாக் கசட்டுல அனுப்பு மச்சான். நான் அதக் கேக்கணும்.”

அவ்வளவுதான். அந்த மனிதர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். பின்னால் நின்ற ராத்தா, “அந்தக் கள்ளனச் சந்தையில கண்டாப் புடிச்சிக் கேளுங்க” என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் எனக்கு வந்தது ரோஷம். எப்படியாவது இந்தக் குழலைப் பேச வைத்து, அவர் ஏமாந்துபோய் வந்தவரல்ல என்று அவருக்கே காட்டாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

விற்கிற ஊரில் நாம் இல்லை என்றால் செய்யவேண்டியதுதானே? நான் படவரைஞன். என் மேசையில் நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் இருக்கிறது. பியூகிள் மவுத்பீஸை அறுக்காமலே உள்ளும் புறமும் அளந்தேன். உள்ளே அளவுகோல் போகாத இடத்தில் மெழுகு உருக்கி ஊற்றி, காயவைத்து எடுத்து, மெழுகை அளந்தேன். ட்ரம்பெட்டுக் குழாயின் வாயை அளந்து, அதற்குத் தக்கபடி காலை மெலித்துக் கீறினேன். மேலே உதடு படும் கிண்ணம். கிண்ணத்தின் அடியில் ஒரு துளை. துளையிலிருந்து மெல்ல விரிந்துபோகும் கால். படம் அழகாக வந்தது. அந்தத் துளையில்தான் என் மண்டை வேலை செய்தது. பியூகிளில் அது நாலு மில்லிமீற்றரும் கொஞ்சமும்தான். இவ்வளவு சின்னதாக வைத்தால் காற்று எப்படித் தாராளமாகப் போகும்? குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் துருசு எத்தனை கீறியவன் நான்! வாசல் அகலமானால் ஓட்டம் கூடும். ஓட்டம் கூடினால் சத்தம் கூடும். துளையை ஆறு மில்லிமீற்றராக்கினேன். குவைத்துக்குக் கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாண்டிருப்பில் ஒரு லேத் பட்டறை இருந்தது. நெல்லுக்குத்தும் மில்லின் தண்டுகள், உழவு மெஷின் பாகங்கள், வள்ளத்து இன்ஜின் சாமான்கள் எல்லாம் அங்கேதான் கடைவார்கள். பட்டறைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். எல்லோரும் பாஸ் என்று கூப்பிடுவோம். என் படத்தைக் கையில் வாங்கி, தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

“என்ன சேர் இது, முட்டை வைக்கிற கோப்பையா?”

விஷயத்தைச் சொன்னேன். நெற்றியைச் சொறிந்தார். மூலையில் வள்ளமொன்றின் முறிந்த பித்தளைத் தண்டு கிடந்தது. அதில் ஒரு துண்டை அறுத்து லேத்தில் பூட்டினார். தண்டு சுழன்றது, உளி தொட்டது, மஞ்சள்தூள் கொட்டுவதுபோலப் பித்தளை கொட்டியது. கடலுக்குள் எத்தனை வருடம் சுழன்ற தண்டோ, உப்பும் பாசியும் பிடித்த அதன் கறுத்த தோல் உரிந்து உள்ளேயிருந்து பொன்னாக வந்தது. நான் மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பென்சிலில் நான் கீறிய வளைவு ஒவ்வொன்றும் என் கண்ணுக்கு முன்னால் உலோகமாக எழும்பி வந்துகொண்டிருந்தது.

செய்து முடித்ததை ட்ரம்பெட்டில் பொருத்தினேன். டியூப் நாடா இல்லாமல், ஒரு சிறு திருகில், கச்சிதமாக உட்கார்ந்தது. நெஞ்சு நிறைய மூச்செடுத்து ஊதினேன்.

ஹூ என்றது. காற்றுத்தான். மறுபடி ஊதினேன். என் மூச்செல்லாம் ஒரே இழுவையில் காலியாகித் தலை சுற்றியது. குழலின் அடிவயிற்றில் ஏதோ முனகி அடங்கியது. நான் பக்கத்தில் கிடந்த டயரில் இருந்துவிட்டேன். அழாத குறைதான்.

பாஸ் மவுத்பீஸைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

“இந்த ஓட்டைய ஏன் சேர் இவ்வளவு பெருசாக் கீறினீங்க?”

“காத்துக் கூடப் போகட்டும் எண்டுதான்.”

“வயலுக்கு மருந்தடிக்கிற டாங்கி பாத்திரிக்கீங்கதானே? முனையில இருக்கிற ஓட்ட ஊசிக்கண் அளவுதான். அது தேஞ்சி பெருசாகினா மருந்து சீறாது, காலடியில ஒழுகும். அப்ப என்டட்டதான் கொண்டு வருவாங்க. நீங்க புதுசுலயே தேஞ்சதக் கீறிக்கொண்டு வந்திரிக்கீங்க.”

எனக்குச் சுரீர் என்றது. எத்தனை குளம், எத்தனை வாய்க்கால் படம் கீறி என்ன? துருசு தண்ணீர் விடுவதற்கு. இது காற்று விடுவதற்கல்ல. காற்றை மறித்து அதிர வைப்பதற்கு. ஒரு மருந்து டாங்கிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்து மறுபடி போனேன். அதே தண்டின் மிச்சத்தில் இரண்டாவதைக் கடைந்தார். இந்தமுறை துளையைப் படத்தில் நான் கீறவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். அவரிடம் இருந்ததெல்லாம் அங்குலக் கணக்குத் துளைபிட்டுகள். முதலில் எட்டில் ஒரு அங்குலம் போட்டார். ஊதினேன். மூச்சு முட்டியது, கொசு பாடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. ஆனால் அது சத்தம்! அடுத்த பிட்டைப் போட்டார். கொசு வண்டானது. பிறகு அவர் பிட் எதையும் எடுக்கவில்லை. சைக்கிள் கம்பி ஒன்றில் எமரித் தாளைச் சுற்றி, துளைக்குள் விட்டு, பத்துச் சுற்று உரைப்பதும் என்னிடம் தருவதுமாக இருந்தார். நான் ஊதுவேன். அவர் தலையைச் சரித்துக் கேட்பார், வாங்குவார், இன்னும் பத்துச் சுற்று.

எத்தனையாவது முறை என்று ஞாபகமில்லை. உதட்டில் வைத்து ஊதினேன். நான் ஊதியதாகவே எனக்குத் தெரியவில்லை. சத்தம் ஏற்கெனவே அங்கே இருந்து, வழி திறந்ததும் தானாக வெளியே வந்ததுபோல் இருந்தது. உருண்டு திரண்டு, பளபளவென்று, ஒரு தும்பு தூசி இல்லாமல். சுவரில் ஆணியில் தொங்கிய தகடொன்று கிர்ரென்று கூடவே அதிர்ந்தது. மேசையில் சிதறிக் கிடந்த பித்தளைத் தூள் நடுங்கியது. என் பல்லும் மண்டையும் உள்ளுக்குள் பாடின. மூச்சு முடியும்வரை நான் நிறுத்தவில்லை. நிறுத்திய பிறகு எனக்கு வாயில் வந்தது “சுப்ஹானல்லாஹ்” ஒன்றுதான்.

பாஸ் எழுந்துபோய் லேத் மோட்டரை நிறுத்தினார். பட்டறை அமைதியானது.

“இன்னொருக்கா சேர்.”

ஊதினேன். அவர் ட்ரம்பெட்டின் விரிந்த வாய்க்கு நேரே உள்ளங்கையைப் பிடித்தார். பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

“காத்தே வரல்லியே! கையில ஒண்டும் படல்ல. அப்ப இது எங்க இருந்து வருது?”

எனக்குத் தெரிந்த விடைகள் பௌதிகப் புத்தகத்தில் இருந்தன. அவற்றில் ஒன்றையும் எனக்கு அப்போது சொல்லப் பிடிக்கவில்லை. அவர் கண்கள் விரிந்திருந்தன. என்னுடையவையும் அப்படித்தான் இருந்திருக்கும். பல வருடங்களுக்குப் பிறகு கொழும்பில் ஒருவரிடம் கம்பெனியில் செய்த மவுத்பீஸைக் கண்டு, வெட்கத்தை விட்டு வெர்னியரை எடுத்து அதன் துளையை அளந்தேன். பாஸ் காதால் கேட்டு உரைத்த துளைக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வீடு திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள்; யுத்த காலம். ட்ரம்பெட் பெட்டியைவிட என் சட்டைப் பையிலிருந்த மவுத்பீஸ்தான் அவர்களைக் கலக்கியது. பளபளவென்று புதிதாகக் கடைந்த பித்தளை; தோட்டா மாதிரியும் இருந்தது, அதைவிடப் பெரியதாகவும் இருந்தது. “மே மொகக்த?” என்றான் சிப்பாய். இது என்ன என்று கேட்கிறான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ட்ரம்பெட் என்ற சொல் இல்லை. மவுத்பீஸை உதட்டில் வைத்து வெறுமனே ஊதினேன். தாரா வாத்துக் கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அவன் திடுக்கிட்டு, பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். பெட்டியைத் திறந்து முழுதாக ஊதச் சொன்னான். வரிசையில் நின்றவர்களெல்லாம் கேட்க ஒரு நீண்ட சுரம் ஊதினேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். போ என்று கையால் காட்டினான்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் குவைத்துக்கும் சவூதிக்கும் கடிதம் எழுதுவதைவிடக் கசட்டில் பேசி அனுப்புவதுதான் கூட. வீட்டில் உள்ளவர்கள் முறைவைத்துப் பேசுவார்கள். ஊரிலிருந்து பயணம் போகிறவர் கையில் கொடுத்துவிட்டால் போய்ச் சேரும். ராத்தா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பக்கம் முழுவதும் பேசுவாள். மறுபக்கத்தில் உம்மா ஸலாம் சொல்லி, ஊரில் மவுத்தானவர்களின், இறந்துபோனவர்களின், பட்டியலைச் சொல்லுவார். கடைசி மிச்சம் எனக்கு.

ஒரு மாதம் போல நான் ஊதிப் பழகினேன். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரையில், அடுத்த தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்னால். உதடு வீங்கித் தடித்தது. ஐந்து சுரத்துக்கு இடையில் இல்லாமல் கிடந்த படிகள் ஒவ்வொன்றாக விரலுக்கடியில் வந்தன. ஒவ்வொரு புதுப் படியிலும் நின்று, இது இத்தனை காலமும் எங்கே இருந்தது என்று அதிசயித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன்.

கசட் போகும் நாளில் ரெக்கோடரைக் குசினி யன்னலில் வைத்துவிட்டு, நான் கிணற்றடிக்குப் போய் நின்றேன். பக்கத்தில் நின்று ஊதினால் சத்தம் கிழிந்துபோகும். ராத்தா யன்னலுக்குள் நின்று பொத்தானை அமுக்கினாள். நான் மச்சான் கிணற்றடியில் சீட்டியடிக்கும் அந்த மெட்டை ஊதினேன். முதல் வரியிலேயே ராத்தா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாவது வரியில் யன்னலில் அவளைக் காணவில்லை. முடித்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் குசினித் தரையில் இருந்துகொண்டு முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். ரெக்கோடர் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.

“நிறுத்த மறந்துட்டன் தம்பி” என்றாள்.

மூன்று மாதம் கழித்து ஊர் வந்த ஒருவர் கையில் பதில் கசட் வந்தது. ராத்தாவுக்குரிய பக்கத்தை அவள் தனியாகக் கேட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபக்கத்தைப் போட்டாள். உம்மாவும் நானும் சுற்றி இருந்தோம். ஸலாம் சொல்லி, உம்மாவின் சுகம் விசாரித்து, மச்சானின் குரல் கொஞ்சம் நின்றது. யாரோ பின்னால் கோப்பை கழுவும் சத்தம் கேட்டது.

“மச்சான், நீ ஊதினதக் கேட்டன். அறையில எட்டுப் பேரும் வேலைக்குப் போகாம நிண்டு கேட்டானுகள். அந்தப் பிலிப்பைன்காரன் எனக்கு ஊதிக் காட்டின சத்தம் இதேதான் மச்சான். அதே குரல்.

இனி ஒண்டு சொல்லணும். அவன் ஏமாத்தல்ல. ஊதி முடிச்சி, அந்தத் துண்டக் கழட்டி, சட்டையில தொடச்சி, பெட்டிக்குள்ள வெச்சித்தான் தந்தான். நான்தான் அத எடுத்து அவன்ட கையில திருப்பிக் குடுத்தன். ‘இது நீ வாயில வெச்ச சாமான், மிஸ்வாக் மாதிரி, இது உன்ட. என்ட மச்சானுக்கு அவன்ட ஒண்டு இரிக்கி’ எண்டு எனக்குத் தெரிஞ்ச அறபுல சொன்னன். அவன் அத வாங்கிக் கைக்குள்ள பொத்திப் புடிச்சிக்கிட்டு நிண்டான் மச்சான். கண்ணெல்லாம் தண்ணி. ஊருக்குத் திரும்பிப் போறத்துக்காகக் குழல வித்தவன். அவன்ட வாயையும் சேத்து வாங்கிக்கிட்டு வர எனக்கு மனம் வரல்ல.

வீட்ட வந்து பெட்டியத் தொறந்த பொறகுதான் நான் செஞ்ச வேல விளங்கின. எல்லாரும் அவனக் கள்ளன் எண்டு ஏசக்குள்ள நான் வாய் தொறக்கல்ல. வெக்கம். உன்ட குழல் ஊமையாப் போச்சே எண்டு ஒரு பக்கம், அவன்ட பழிய நான் தீக்கல்லியே எண்டு ஒரு பக்கம். சத்தம் வந்தாச் சொல்லலாம் எண்டு இருந்தன். இப்ப சொல்லிட்டன்.”

அதற்குப் பிறகு ஒரு நீண்ட மூச்சு. பிறகு அந்த மெட்டை, தூரத்தில், பல்லிடுக்கால், அவர் சீட்டியடிப்பது கேட்டது. நாடா முடிந்தது.

சட்டைப் பையில் கிடந்த என் மவுத்பீஸைத் தொட்டுப் பார்த்தேன். நான் ஒரு தண்டிலிருந்து கடைந்தெடுத்ததை மட்டும் பெரிய அதிசயமாக நினைத்துக்கொண்டிருந்தவன். சந்தையின் நடுவில், முன்பின் தெரியாத ஒருவனின் கையில் அவனுடையதைத் திருப்பி வைத்துவிட்டு வந்த மனிதர் ஏழு வருடம் எங்கள் வீட்டில் இருந்திருக்கிறார். நாங்கள் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ராத்தா எழுந்துபோய் அலுமாரியிலிருந்து புதுக் கசட் ஒன்றை எடுத்து வந்தாள். உறையைப் பிரித்து ரெக்கோடரில் போட்டாள். வழக்கமாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறவள், அன்று எங்கள் முன்னாலேயே பொத்தானை அமுக்கினாள். ஸலாம் சொன்னாள். பிறகு அவள் சொன்னது இதுதான்:

“அந்தப் பிலிப்பைன்காரன எங்கயாச்சும் தேடிப் புடிங்க. அவன் ஊருக்குப் போயிட்டா, அவன்ட ஊராக்கள்ட்டக் கேட்டுப் பாருங்க. நான் அவனக் கள்ளன் எண்டு ஏசிட்டன். மாப்புக் கேட்டன் எண்டு சொல்லுங்க.”

நாடா சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் எழும்பி, ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு குசினி யன்னலுக்குப் போனாள். நான் ட்ரம்பெட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.